புள்ளிமானுக்குத் தெரியாமல் உட்காருவது

ஊரிலிருந்து தீவுக்கு வரும் நண்பர்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மான் வேட்டைக்குப் போகணும்னா என்ன டிரஸ் வாங்கணும்?" முதலில் அவருக்குச் சட்டத்தைச் சொல்லிவிடுவேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தமானிலும் புள்ளிமானைச் சுடுவது குற்றம், கண்ணி வைப்பது குற்றம், யாரோ பிடித்ததன் கறியை வாங்கித் தின்பதும் குற்றம். நான் காட்டுக்குக் கொண்டுபோவது கேமரா மட்டும். ஆனாலும் அவருடைய கேள்வி தள்ளிவிடக் கூடியதல்ல. மான் அறியாமல் அதன் பக்கத்தில் இருக்கும் வித்தை துப்பாக்கிக்காரனுக்கும் படமெடுப்பவனுக்கும் பொதுதான். படமெடுப்பவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். நூறு மீட்டரில் நின்று சுட்டுவிடலாம். பிரம்புப் புதரும் அரையிருட்டுமான இந்தக் காட்டில் நூறு மீட்டரில் நின்று உருப்படியாக ஒரு படம் எடுக்க முடியாது.

இங்கே மான் வந்த கதையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. புள்ளிமான் இந்தத் தீவுகளில் பிறந்த இனம் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர்கள் வேட்டை விளையாட்டுக்காகக் கப்பலில் கொண்டுவந்து விட்டது. இது புலி இல்லாத காடு. தரையில் வாழும் பூர்விக விலங்குகளில் பெரியது காட்டுப்பன்றிதான். தடுக்க ஆளில்லாமல் பெருகிய மான், குறுகிய கால்வாய்களை நீந்திக் கடந்து தீவு தீவாகப் பரவியது. 1950களில் அதைக் குறைக்கச் சிறுத்தைகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். அந்த வம்சம் நிலைக்கவில்லை. மானும், மரக் கம்பெனி கைவிட்டுப்போன யானையும் இங்குள்ள செடிகொடிகளை என்ன செய்கின்றன என்று சூழலியலாளர் ரவூஃப் அலி 2004இல் எழுதினார். மான் மேய்ந்த காட்டில் தரையோரச் செடிகளும், அவற்றை நம்பி வாழும் பல்லி, ஓணான்களும் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன என்று 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்றால், மான் எங்கே அதிகமோ அங்கே நாம் ஒளிய இடம் குறைவு. தலைக்கு மேலே அடர்ந்த பச்சை. கீழே மானின் வாய் எட்டும் உயரம் வரை இலையே இருக்காது. பெருக்கிவிட்ட முற்றம் போலக் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தைப் பார்த்தால் மான் வரும் என்பது நிச்சயம். புதருக்குள் பதுங்கும் திட்டம் அங்கே பலிக்காது என்பதும் நிச்சயம். கர்ஜன் போன்ற பெருமரங்களின் பலகை வேர்களைத் தேடுங்கள். இரண்டு வேர்களுக்கு நடுவில், மரத்துக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தால் உங்கள் உருவத்தின் விளிம்பு மரத்தோடு கரைந்துவிடும். மரத்துக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படி எட்டும் தலையைத்தான் மான் முதலில் பார்க்கும்.

இனி உடுப்பு. இலை, கிளை அச்சடித்த வேட்டை உடுப்பு இணையக் கடைகளில் ஆயிரக்கணக்கில் விலை போகிறது. அதில் ராணுவச் சீருடையை ஒத்த அச்சும் உண்டு. அதை அந்தமானுக்குக் கொண்டுவராதீர்கள். 2001 முதல் முப்படைகளின் கூட்டுக் கட்டளையகம் இயங்கும் இடம் இது. 2022 ஜனவரியில் அறிமுகமான தரைப்படையின் புதிய சீருடை அச்சு, பிறர் தைத்து விற்கக் கூடாதபடி பதிவும் செய்யப்பட்டது. ராணுவ அச்சு போட்ட சட்டையோடு, முதுகில் நீண்ட பையோடு, விடியற்காலையில் காட்டோரமாக நடந்து போனால் மான் பார்ப்பதற்கு முன் காவலர்கள் பார்த்துவிடுவார்கள். அவர்கள் கேட்பதும் நியாயமே.

அதைவிட முக்கியம், மானுக்கு அந்த அச்சால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. நம் கண்ணில் நிறம் அறியும் கூம்பு அணுக்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. ஒன்று நீலத்துக்கு, இன்னொன்று பச்சைக்கு. அமெரிக்காவின் வெள்ளைவால் மான்களை வைத்து 1990களில் ஜார்ஜியாவில் நடந்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. சிவப்பும் ஆரஞ்சும் அதன் கண்ணில் மங்கிய பழுப்பாகவோ சாம்பலாகவோதான் படும். அதனால்தான் அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேட்டைக்காரர்கள் பளீரென்ற ஆரஞ்சு மேலங்கி போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது: சக வேட்டைக்காரன் கண்ணில் பட வேண்டும், மான் கண்ணில் படக் கூடாது. மானிடம் நம்மைக் காட்டிக்கொடுப்பது நீலம். ஜீன்ஸ், நீல மழைக்கோட்டு, தீவில் எந்தக் கூரையைப் பார்த்தாலும் மூடிக் கிடக்கும் நீலத் தார்ப்பாய் எல்லாம் அதற்கு நம்மைவிடத் துலக்கமாகத் தெரியும்.

இதில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வெண்மை கூட்டும் சலவைத்தூள்களில் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழும் ரசாயனம் கலந்திருக்கும். நம் கண்ணில் உள்ள வில்லை புற ஊதாவில் பெரும்பகுதியை வடிகட்டிவிடுகிறது; மானின் கண்ணில் அந்த வடிகட்டல் குறைவு. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய காட்டுப் பச்சைச் சட்டையானாலும் அந்தத் தூளில் ஊறினால் விடியல் வெளிச்சத்தில் மானுக்கு மினுமினுக்கும். என் காட்டுத் துணிகளைத் தனியாகப் பிரித்து, பட்டுப்புடவைக்குப் போடுவது போலப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசுகிறேன். சந்தேகம் இருந்தால் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் சட்டைமேல் அடித்துப் பாருங்கள். ஒளிர்ந்தால் அந்தச் சட்டை கடைத்தெருவுக்கு மட்டும்.

ஆக, நான் சிபாரிசு செய்வது மங்கிய ஆலிவ் பச்சை, காக்கி, பழுப்பு. மேலும் கீழும் வெவ்வேறு சாயலாக இருந்தால் உருவம் உடைந்து தெரியும். தடித்த பருத்தி வேண்டாம். இந்த ஈரத்தில் ஒருமுறை நனைந்தால் காயாது. கடையில் வாங்கும்போது விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் கையைச் சட்டைக்குள் விட்டு, காதுக்குப் பக்கத்தில் துணியைத் துணியோடு உரசிப் பாருங்கள். சரசரத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிய்த்தால் பர்ரென்று கத்தும் ஒட்டுப்பட்டை வைத்த பைகளுக்கும் இதே தீர்ப்புதான். முகத்துக்குச் சாயம் பூசுவது இங்கே வீண், வியர்வையில் வழிந்துவிடும். ஒரு பழுப்புத் துண்டு போதும். கைக்கு மெல்லிய உறை போட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பில் அதிகம் அசைவது கைதான். மானின் கண் நிறத்தைவிட அசைவுக்குப் பல மடங்கு கூர்மையானது. பக்கவாட்டில் அமைந்த அந்தக் கண்களுக்குத் தலையைத் திருப்பாமலே முக்கால் வட்டத்துக்கு மேல் தெரியும்.

இவ்வளவு செய்தும் காற்றைக் கவனிக்காமல் உட்கார்ந்தால் எல்லாம் பாழ். ரங்கத் பக்கம் மரம் வெட்டும் கூப்புகளில் வேலை பார்த்த ராமநாதபுரத்துப் பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, முதல்ல காத்தக் கேளு, அப்புறம் காட்டுக்குள்ள போ." வாசனையை அழிக்கும் என்று விற்கும் தெளிப்பான்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. தலையில் தேங்காய் எண்ணெயும், கையில் கொசு விரட்டிக் களிம்பும், முதுகில் வியர்வையுமாக இருக்கும் மனிதனை எந்தப் புட்டியும் மறைக்காது. கொசு விரட்டியைத் தவிர்க்கவும் சொல்ல மாட்டேன், மலேரியா உள்ள தீவுகள் இவை. பூசிக்கொண்டு, மானுக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் உட்காருவதே வழி.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பொதுவாக வடகிழக்குக் காற்று, மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. முன்னதில் வெட்டவெளியின் தென்மேற்கு மூலை, பின்னதில் வடகிழக்கு மூலை என்பது மோட்டாக ஒரு கணக்கு. காட்டுக்குள் அது அப்படியே செல்லாது. விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். 2021இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாறிய மவுண்ட் ஹேரியட்டின் சரிவுகளில் காலையில் மானுக்குக் கீழே இருங்கள், ஒன்பது மணிக்கு மேல் மேலே ஏறிவிடுங்கள். கடலோரத்தில் விடியலில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும்; அப்போது கடற்பக்கம் உங்களுக்கு. பத்து மணி தாண்டியதும் அது புரண்டுவிடும். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் விபூதி வைத்திருக்கிறேன். ஒரு சிட்டிகை எடுத்து உதிர்த்தால் பக்கத்துக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். தூரத்துக் காற்றுக்கு இலவம்பஞ்சு இழை ஒன்றை விட்டு, அது போகும் போக்கைப் பார்க்கலாம்.

நேரத்தில் சென்னைக்காரர்கள் ஏமாறுவார்கள். கடிகாரம் நாடு முழுக்க ஒன்று; சூரியன் இங்கே முந்திக்கொள்ளும். மே மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே உதித்துவிடும். ஆறு மணிக்கு விடுதியிலிருந்து புறப்படுகிறவர் மான் மேய்ந்து முடித்து உள்ளே போன பிறகுதான் வந்து சேருவார். டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் படமெடுக்கும் வெளிச்சம் போய்விடும். இருட்டில் நடக்க நெற்றி விளக்கில் சிவப்பு ஒளியை வையுங்கள், காரணம் மேலே சொன்னதுதான். நடப்பதற்கு மிக நல்ல நேரம் மழை விட்ட முதல் அரைமணி. சருகு ஊறிக் கிடக்கும், கிளைகளிலிருந்து சொட்டும் சத்தத்தில் உங்கள் காலடி கேட்காது.

கேமரா பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது, சுருக்கிவிடுகிறேன். நூறிலிருந்து நானூறு வரை போகும் ஜூம் லென்ஸ் ஒன்று போதும். அதைவிடப் பெரிதைக் கொடிகளுக்குள் திருப்ப முடியாது. சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். முக்காலியை விட ஒற்றைக்கால் தாங்கி நல்லது, அதிலும் உலோகம் உலோகத்தில் படாதபடி சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுங்கள். வெள்ளை லென்ஸுக்குப் பழுப்புத் துணியில் உறை தையுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்த பையை உடனே திறந்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும்; புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பையை மூடியபடி வெளியே வைத்துவிட வேண்டும். வீடு திரும்பியதும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு அடைக்காவிட்டால் ஒரு மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். மறைப்புக்குக் கடைக் கூடாரம் வேண்டியதில்லை. மீனவர்களிடம் கிழிந்த வலைத்துண்டு ஒன்றை வாங்கி, கோணிச் சாக்கைக் கீற்றாகக் கிழித்து அதில் முடிந்துகொண்டால் போதும். திரும்பும்போது வலையின் ஓர் இழைகூடக் காட்டில் விடாதீர்கள்.

கருவிகளைச் சோதித்துப் பார்க்க ராஸ் தீவுக்குப் போகலாம். 2018இல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். அங்குள்ள மான்கள் சுற்றுலாப் பயணிகளுக்குப் பழகி, பக்கத்திலேயே வந்து நிற்கும். லென்ஸைப் பழகிக்கொள்ள அருமையான இடம். ஒளியும் கலையை அங்கே படிக்க முடியாது. நாயும் திருட்டுக் கண்ணியும் உள்ள பெருந்தீவுகளின் மான் வேறு சுபாவம். மனித வாடை பட்டால் ஒரு கத்தல், அவ்வளவுதான், அன்றைய காலை முடிந்தது.

சில இடங்களுக்குப் போகவே கூடாது. ஜாரவா மக்களின் காப்புப் பகுதிக்குள் காலெடுத்து வைப்பதும் அவர்களைப் படமெடுப்பதும் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி தண்டனைக்குரியவை. அந்தக் காப்புப் பகுதி வழியே போகும் அந்தமான் பெருவழிச் சாலையில் வண்டியை நிறுத்தி "மான் பார்த்தேன்" என்று சொல்வது எடுபடாது. தேசியப் பூங்காக்களுக்கு வனத்துறையின் அனுமதி வாங்குங்கள்; எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வனக்காவலரிடம் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். உப்பங்கழி ஓரங்களில் மானின் குளம்புத்தடம் நிறையவே தெரியும், உட்காரவும் ஆசை வரும். வேண்டாம். அந்தச் சேற்றில் உங்களைவிடப் பொறுமையாக உட்கார்ந்திருக்க உப்புநீர் முதலைக்குத் தெரியும்.

காலில் முழங்கால் வரை கம்பூட்ஸ், கால்சட்டையை அதற்குள் செருகிக்கொள்ளுங்கள். பூரானும் பாம்பும் ஒருபுறம், மான் நடமாடும் இடமெல்லாம் உண்ணி இன்னொரு புறம். வீட்டுக்கு வந்ததும் அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்புறம் என்று தடவிப் பார்த்து, பற்றியிருக்கும் உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து இடுக்கியால் நேராக இழுங்கள். துணியைத் தனியாக வெந்நீரில் போடுங்கள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிறு பூச்சிகள் பரப்பும் ஸ்கரப் டைஃபஸ் காய்ச்சலும் இந்தத் தீவுகளில் உண்டு. காட்டுக்குப் போய்வந்த மூன்று வாரங்களுக்குள் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் நீங்களாகவே "புதரில் உட்கார்ந்திருந்தேன்" என்று சொல்லிவிடுங்கள். டெங்குவா மலேரியாவா என்றுதான் முதலில் சோதிப்பார்கள். ஸ்கரப் டைஃபஸ் என்று தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு அது பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.