ஸ்பேனர் பிடித்த சாப்ளின்

"ஹாலிவுட் படமா? இங்கிலீஷ் புரியாதே!" என்று தயங்கும் நண்பர்களே, சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்தில் தொடங்குங்கள். பேசும்படக் காலத்தில் வந்தும் அது வசனத்தை நம்பவில்லை.

இரு கையிலும் ஸ்பேனர். கன்வேயரில் வரும் நட்டுகளை சாப்ளின் டைட் பண்ணிக்கொண்டே இருப்பார். முதலாளி வேகத்தைக் கூட்டச் சொல்வார். வேலையை விட்டு நகர்ந்தாலும் கை நிற்காது! அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அப்ரண்டீஸ் போகப்போகிற நமக்கு இது வெறும் சிரிப்புப் படமல்ல. மெஷினின் வேகத்தை முடிவு செய்வது யார்? ஓட்டுகிறவன் உடம்பு தாங்குமா?

அடுத்து 'ட்வெல்வ் ஆங்ரி மென்' (1957). ஓர் இளைஞனின் உயிர் ஊசலாடும் கொலை வழக்கு. ஜூரிகளில் 11 பேர் "குற்றவாளி" என்க, ஒருவர் மட்டும் "கொஞ்சம் பேசுவோம்" என்கிறார். ஷாப் ஃப்ளோரிலும் அப்படி ஒருவர் வேண்டும். அவர் ஏன் நீங்களாக இருக்கக்கூடாது?