ஊர்தோறும் சென்ற குரல்

நுழையும்முன்

ஒலிபெருக்கியும் ஒலிப்பதிவும் பரவாத காலத்தில், ஒரு பாடகரின் குரலை நாம் கேட்க வேண்டுமாயின் அவர் நம் ஊருக்கு வரவேண்டும்; இல்லையேல் நாம் அவர் இருக்கும் ஊருக்குச் செல்லவேண்டும். தமிழ் இசை நாடகக் கலைஞர்கள் தாமே ஊர்தோறும் சென்றனர். அவர்களின் நெடும்பயணங்கள் எவ்வாறு அமைந்தன? அவற்றால் கலை பெற்றது யாது? கலைஞர் இழந்தது யாது? இவற்றை இப்பாடம் விளக்குகிறது. தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கும் ஆரியசாலையில் வாழும் மாணவர்க்கு இது அயலூர்க் கதையன்று.

பயணம் தொடங்குமுன்

மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளில் வாழும் இசை நாடகக் கலைஞர்களுக்குப் பங்குனி மாதம் ஒரு புதிய ஆண்டின் தொடக்கம் போன்றது. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் சிற்றூர்க் கோயில்களில் திருவிழாக்கள் நடைபெறும். விழா எடுக்கும் ஊரார் ஓர் இரவு நாடகம் வைப்பது மரபு. அதற்காகக் கலைஞர்களிடம் முன்கூட்டியே 'தேதி' வாங்குவர். எந்த நாளில் எந்த ஊர், எந்த நாடகம், எந்த வேடம் என்பதைக் கலைஞர் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொள்வார். அந்த நாட்குறிப்பே அவருடைய அவ்வாண்டுப் பயணத் திட்டம். கொடுத்த தேதியைத் தவறவிட்டவருக்கு மறுமுறை அவ்வூரில் மதிப்பிராது.

இவ்வகை நாடகத்தை 'ஸ்பெஷல் நாடகம்' என்பர். இதில் ஒரே குழுவைச் சேர்ந்தோர் நடிப்பதில்லை. ராஜபார்ட் நடிகர் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் நடிகை மற்றோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக் கலைஞரும் மிருதங்கக் கலைஞரும் வேறு ஊர்களிலிருந்தும் வந்து சேர்வர். கூட்டாக ஒத்திகை பார்ப்பதில்லை. இரவு பத்து மணியளவில் திரை விலகும். பொழுது விடியும்வரை நாடகம் நடைபெறும். முன்னர்ச் சேர்ந்து நடித்திராதவர்களும் அன்றிரவு வள்ளியாகவும் வேலனாகவும் எதிரெதிரே நின்று பாட்டிலேயே வாதிடுவர்.

எல்லார்க்கும் பொதுவான ஏடு

ஒத்திகையின்றி இஃது எவ்வாறு இயலும்? இதற்கு விடை, தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளிடம் (1867-1922) உள்ளது. 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' முதலிய அவருடைய நாடகங்கள் பாடல்களும் உரையாடல்களும் நிரம்பியவை. அவற்றைப் பாடம் செய்தவர் எவராயினும் எந்த மேடையிலும் ஏறி நடிக்கலாம். ஒருவர் ஒரு பாடலை முடித்தால் அடுத்து வரும் பாடல் யாதென மற்றவர் அறிவார். பனுவல் பொதுவாக இருந்தமையால் கலைஞர் தனித்தனியே பயணம் செய்ய இயன்றது. அவரவர் நினைவில் இருந்த பாடமே அவரவர் சுமந்து சென்ற மூட்டை.

சுவாமிகள் 1918ஆம் ஆண்டில் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்னும் சிறுவர் நாடகக் குழுவைத் தோற்றுவித்தார். சிறுவர்கள் ஆசிரியருடன் தங்கி, இசையும் தமிழும் நடிப்பும் கற்றனர். இக்குழு ஓர் ஊரில் சில காலம் தங்கி நாடகங்களை நடத்திவிட்டு அடுத்த ஊருக்குச் செல்லும். திரைச்சீலைகளும் அணிகலப் பெட்டிகளும் இசைக்கருவிகளும் உடன் செல்லும். ஆகவே அச்சிறுவர்க்குப் பள்ளியும் வீடும் பயணமும் ஒன்றாகவே அமைந்தன.

குரலே கருவி

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பாடகரின் குரலைக் கடைசி வரிசை வரை கொண்டுசேர்க்க இரு வழிகள் இருந்தன. ஒன்று, இடத்தை அதற்கேற்ப அமைத்தல். திருவனந்தபுரம் கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்தின் விதானத்தில் மண்பானைகள் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டுள்ளன. பாட்டின் ஒலி அவையில் நன்கு பரவும்பொருட்டு அவை அமைக்கப்பட்டன.

நாடகக் கலைஞருக்கு இவ்வசதி இல்லை. அவருக்கு வாய்த்தது பெரும்பாலும் கீற்று வேய்ந்த கொட்டகை அல்லது திறந்தவெளி. அங்குக் குழந்தையின் அழுகையும் கடைக்காரரின் கூவலும் கலந்திருக்கும். எனவே அவர் இரண்டாம் வழியை மேற்கொண்டார். அதுவே உயர்குரலில் பாடுதல்.

சுருதியைக் 'கட்டை' என்னும் அளவால் குறிப்பது தமிழ்நாட்டு வழக்கு. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளுள் முதலாவது ஒரு கட்டை; அடுத்தது இரண்டு கட்டை; இவ்வாறே எண்ணிச் செல்லவேண்டும். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கில் வரும். இன்று கருநாடக இசை பாடும் ஆடவர் பெரும்பாலோர் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் பாடுகின்றனர். அக்கால நாடக மேடையின் ஆடவரோ நான்கு, ஐந்து கட்டை என உயர்ந்த சுருதியில் பாடினர். தாழ்ந்த சுருதி இரைச்சலில் அமிழ்ந்துவிடும். உயர்ந்த சுருதி அதனைத் துளைத்துச் செல்லும். மேலும், ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் மாறிமாறிப் பாடிப் போட்டியிடவும் இது துணைசெய்தது.

செங்கோட்டையும் கொடுமுடியும்

இந்த உயர்குரல் மரபின் உச்சியில் நின்றவர்கள் இருவர். ஒருவர், 1906ஆம் ஆண்டில் பிறந்த செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. சிறுவயதிலேயே உடன்பிறந்தாருடன் மேடையேறிய அவர், பின்னர்க் கன்னையா நாடகக் குழுவில் பெரும்புகழ் பெற்றார். மற்றொருவர், 1908ஆம் ஆண்டில் காவிரிக்கரை ஊராகிய கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். வறுமையில் வளர்ந்த அவர், சிறுமியாக இருந்தபோதே வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து பாடத் தொடங்கினார்.

இருவரும் தத்தம் பயணங்களின்போது இலங்கையில் சந்தித்தனர். 1926ஆம் ஆண்டளவில் அங்கே இணைந்து நடித்தனர். கிட்டப்பாவின் குரலுக்கு ஈடுகொடுக்க இயலுமா என ஐயுற்றோர்க்குச் சுந்தராம்பாளின் பாட்டே விடையாயிற்று. பின்னர் இருவரும் மணவாழ்விலும் இணைந்தனர். தமிழகமெங்கும் அவர்கள் நடித்த நாடகங்களுக்கு மக்கள் திரண்டனர். நாட்டு விடுதலை உணர்வு ஓங்கிய அந்நாளில் இருவரும் கதர் உடுத்தித் தேசியப் பாடல்களையும் மேடையில் பாடினர்.

மலையைக் கடந்த பாட்டு

கிட்டப்பா பிறந்த செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் பகுதியாகும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் அது தமிழகத்துடன் இணைந்தது. 1904ஆம் ஆண்டில் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1918இல் அப்பாதை திருவனந்தபுரம் வரை நீண்டது. 1931இல் தம்பானூரில் நிலையம் அமைந்தது. தம்பானூருக்கு அருகில் உள்ளவையே சாலைக் கடைத்தெருவும் ஆரியசாலையும்.

இருப்புப்பாதை வருவதற்கு முன்பே தமிழ் நாடகக் குழுக்கள் திருவிதாங்கூருக்கு வந்துள்ளன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை நடத்திய இசை நாடகங்களை மலையாளிகளும் விரும்பிக் கண்டனர். பாட்டு மொழியெல்லையைக் கடந்தது. விரைவில் மலையாளத்திலேயே இத்தகைய நாடகங்கள் எழுந்தன. தி.சி. அச்யுதமேனோன் 1892இல் 'சங்கீத நைஷதம்' இயற்றினார். கே.சி. கேசவபிள்ளையின் 'சதாராமா' பல்லாண்டு மேடையில் நிலைத்தது. பின்னர்ச் செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதர், ஓச்சிற வேலுக்குட்டி ஆகியோர் கேரளமெங்கும் பயணம் செய்து புகழ்பெற்றனர். குமாரன் ஆசானின் 'கருணா' நாடகமானபோது, பாகவதர் உபகுப்தனாகவும் வேலுக்குட்டி வாசவதத்தையாகவும் நடித்தனர். பாடகர் கே.ஜே. யேசுதாசின் தந்தை அகஸ்டின் ஜோசப்பும் இம்மரபில் வந்த நாடகப் பாடகரே.

கொடுத்தது தமிழ் மட்டுமன்று; திருவனந்தபுரமும் தமிழ் மேடைக்குக் கொடுத்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் இவ்வூரைச் சேர்ந்தவர்கள். அவர்தம் பெயரின் முதலெழுத்தே திருவனந்தபுரத்தைக் குறிக்கும். 1912இல் பிறந்த டி.கே. சண்முகம், 1918இல் தம் தமையன்மாருடன் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சேர்ந்தபோது ஆறு வயதுச் சிறுவர். 1925இல் சகோதரர்கள் தமக்கெனத் தனிக்குழு கண்டனர். ஔவையார் வேடத்தில் சிறந்து விளங்கியமையால் அவர் 'ஔவை சண்முகம்' எனப் பெயர் பெற்றார்.

பயணத்தின் விலை

பயணம் கலையை வளர்த்தது. கலைஞரின் உடலையோ தேய்த்தது. இரவெல்லாம் உயர்குரலில் பாடுதல், பகலில் அடுத்த ஊருக்குச் செல்லுதல், ஊருக்கு ஊர் மாறும் உணவும் நீரும் என்னும் இவை இரவுபகல் ஓயாத உழைப்பாக அமைந்தன. வீணை பழுதுற்றால் மாற்றிக்கொள்ளலாம். தொண்டை பழுதுற்றால் மாற்றில்லை. கிட்டப்பா நோயுற்று, 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அவர் வெண்ணிற ஆடை உடுத்தி, மேடையை விட்டு விலகியிருந்தார். பின்னர், தேசியத் தலைவர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி மீண்டும் பாட வந்தார். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் நந்தனாராக நடிக்க அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். தேர்தல் மேடைகளுக்காகவும் அவர் ஊர் ஊராகச் சென்று பாடினார். சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். 1953இல் 'ஔவையார்' படத்தில் ஊர்தோறும் நடந்து தமிழ் வளர்த்த மூதாட்டியாக அவர் தோன்றினார். மேடைக்காக வாழ்நாளெல்லாம் ஊர் சுற்றிய கலைஞருக்கு அவ்வேடம் இயல்பாகப் பொருந்தியதில் வியப்பில்லை.

இன்று நாடெங்கும் இசைப்பயணம் செய்யும் பாடகருக்கு வானூர்தியும் ஒலிப்பொறியாளரும் உண்டு. அவர் பாடும் பாட்டு அவர் வருமுன்னரே கைப்பேசியில் வந்துவிடுகிறது. ஆயினும் அரங்கில் அவரை நேரில் காண மக்கள் கூடுகின்றனர். பாடுவோரும் கேட்போரும் ஒரே இரவில் ஓரிடத்தில் இருப்பதன் இன்பத்தைப் பதிவு செய்த ஒலி தருவதில்லை. இதனை அறிந்தே ஊரார் இன்றும் பங்குனிக்கு முன் தேதி கேட்கின்றனர். கலைஞரும் நாட்குறிப்பைத் திறக்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

- தமிழில் படித்தற்குரிய நாடகமாகப் போற்றப்படும் 'மனோன்மணீயம்' (1891) திருவனந்தபுரத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய பெ. சுந்தரம் பிள்ளையால் இயற்றப்பட்டது.
- நவராத்திரி விழாவிற்காகப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் தெய்வத் திருமேனிகளுள் வேளிமலைக் குமாரசுவாமி, ஆரியசாலைக் கோயிலில் வைத்து வழிபடப்படுகிறார்.

சொற்பொருள்

பனுவல் – நூல். விதானம் – மேற்கூரையின் உட்பகுதி. கீற்று – முடைந்த தென்னை ஓலை. ராஜபார்ட் – தலைமை ஆண்வேடம். ஸ்திரீபார்ட் – தலைமைப் பெண்வேடம். தமையன் – அண்ணன்.

இலக்கணக் குறிப்பு

உயர்குரல் – வினைத்தொகை. நெடும்பயணம் – பண்புத்தொகை. இரவுபகல் – உம்மைத்தொகை. ஐயுற்றோர் – வினையாலணையும் பெயர்.

மதிப்பீடு

*அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.*

1. 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' தொடங்கப்பட்ட ஊர்
 அ) கொடுமுடி ஆ) மதுரை இ) செங்கோட்டை ஈ) கொல்லம்
2. 'சங்கீத நைஷதம்' இயற்றியவர்
 அ) கேசவபிள்ளை ஆ) குமாரன் ஆசான் இ) அச்யுதமேனோன் ஈ) சுந்தரம் பிள்ளை

*ஆ. இரண்டு தொடர்களில் விடை எழுதுக.*

1. 'ஸ்பெஷல் நாடகம்' என்பது யாது?
2. சுருதியைக் 'கட்டை' அளவால் எவ்வாறு குறிப்பர்?

*இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.*

1. நாடகக் கலைஞர் உயர்ந்த சுருதியில் பாடியதற்கான காரணங்களை விளக்குக.
2. 'கொடுத்தது தமிழ் மட்டுமன்று' – இத்தொடரின் பொருத்தத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

*ஈ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.*

1. பயணம் நாடகக் கலைக்கு அளித்த வளத்தையும் கலைஞரிடம் பெற்ற விலையையும் ஒப்பிட்டு எழுதுக.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியோர் ஒருவரிடம், அவர் இளமையில் கண்ட நாடகம் ஒன்றைப் பற்றிக் கேட்டறிக. நாடகம் நடந்த இடம், மொழி, அவர் நினைவில் நிற்கும் காட்சி ஆகியவற்றைத் தொகுத்து வகுப்பில் பேசுக.
2. ஆரியசாலையில் நாடகம் நடத்த வரும் குழுவை வரவேற்று, நாள், நேரம், இடம், நாடகத்தின் பெயர் ஆகியவை அமைய ஒரு துண்டறிக்கை எழுதுக.