இறப்பருக்குள் ஓர் இரும்புக் குழல்

டபுள் கப் பிக்கப்புக்குக் கால் வைத்து ஏறுகிற ஸ்ரெப் பார் பூட்டுகிற வேலையைப் புதுப் பெடியனின் கையில்தான் முதலில் கொடுப்பார்கள். "உது நாலு பிறக்கற்தானே" என்று அவனும் சந்தோசமாகக் கீழே படுப்பான். செசியில் கிடக்கிற ஓட்டையில் பூட்டுகிற பார் என்றால் அவன் சொல்வது சரி. பொடி மவுண்ட் ஆணியைக் கழற்றி, அதே ஆணியில் பிறக்கற்றையும் சேர்த்து இறுக்குகிற வகையென்றால் கதை வேறு. கபினைச் செசியோடு பிடித்து வைத்திருக்கிற ஆணிகள் அவை. நாற்பது வருசம் வாகனத்துக்குக் கீழே கிடந்தவன் சொல்கிறேன், கேளுங்கோ.

1. கழற்றப்போவது என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கோ. செசிக்கும் பொடிக்கும் நடுவில் இறப்பர் இருக்கும். அந்த இறப்பரின் வயிற்றுக்குள் ஓர் இரும்புக் குழல். ஆணி அந்தக் குழலுக்குள்ளால் போகிறது. நாங்கள் இறுக்குகிற இறுக்கமெல்லாம் குழலில்தான் விழவேணும். இறப்பர் கபினின் பாரத்தைத் தாங்கி, குலுக்கலை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும்.

நான் இதைப் படித்தது ஏ போட்டி சோமசெற் காரில். பக்கத்தில் நின்ற மொறிஸ் மைனருக்குத் தனிச் செசி கிடையாது, சோமசெற்றுக்கு உண்டு. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லாமல் காரெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. பொடி இறப்பருக்கு எங்கே போவது? பழைய லொறி ரயரை வட்டமாக வெட்டுவோம். குழலுக்குத் தண்ணீர்க் குழாய்த் துண்டு. ஒருநாள் நான் குழாயை அரை விரல் கட்டையாக அறுத்துவிட்டேன். இறுக்க இறுக்க ஆணி போய்க்கொண்டே இருந்தது, ரயர்த் துண்டு இரண்டு பக்கமும் பிதுங்கியது. கராஜ் மாஸ்ரர் வந்து குனிந்து பார்த்தார். "றபரை ஏன்ரா நெரிக்கிறாய்? குழலை இறுக்கு" என்றார். எனக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதன் விளக்கம்.

2. முதல்நாளே எண்ணெய் விடுங்கோ. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் போனாலும் கடல். பண்ணைப் பாலத்தாலோ குறிகட்டுவானுக்கோ தினம் ஓடுகிற வாகனமும், மயிலிட்டியில் மீன் ஏற்றுகிற வாகனமும் உப்பில் ஊறியவை. அதோடு, 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதியைத் தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். ஆகவே உங்கள் கையில் வருகிறது அநேகமாகப் பதினைந்து, இருபது வயது வாகனம். பல வாகனங்களில் இந்த ஆணியின் நட்டு கபினுக்குள்ளே, தகரக் கூட்டுக்குள் ஒட்டிக்கிடக்கும். கண்ணுக்கும் தெரியாது, ஸ்பானரும் போகாது. ஆணி துருவேறி நிற்கையில் எயார் கண்ணால் அடித்தால் கூடு உடைந்து நட்டும் சேர்ந்து சுற்றும். பிறகு காலுக்குக் கீழே தரையை வெட்டித்தான் பிடிக்கவேணும். சின்ன வேலைக்கு வெல்டிங், பெயின்ற், வாகனக்காரனின் வாய். நான் இரண்டு தரம் வெட்டியிருக்கிறேன்.

மேலே எட்டக்கூடிய இடத்தில் கார்ப்பெற்றையும் இறப்பர் மூடியையும் விலக்கி, மேலிருந்தும் எண்ணெய் விடுங்கோ. அடுத்தநாள் நீளப்பிடி போட்டு, கையால் கால் சுற்று இளக்கி, திரும்ப அரைக்கால் இறுக்கி, மறுபடி இளக்கி எடுங்கோ. ஆணி கிறீச்சிட்டால் நிற்பாட்டி இன்னொரு சொட்டு விடுங்கோ.

3. ஒரு நேரத்தில் ஓர் ஆணி. ஒன்றைக் கழற்றி, பிறக்கற் போட்டு, கையால் பிடிக்க வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கோ. ஒரு பக்கம் முழுக்கக் கழற்றினால் கபின் அசைந்து ஓட்டைகள் விலகும். கபினைக் கொஞ்சம் தூக்கவேண்டி வந்தால் ஜக்குக்கு மேலே பலகைத் துண்டு வைத்து, மற்றப் பக்க ஆணிகளையும் சற்று இளக்கிவிட்டுத் தூக்குங்கோ. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கிறவனை என் கராஜில் வைத்திருப்பதில்லை.

4. கழன்ற ஆணியைக் கம்பிப் பிரஸ்ஸால் தேய்த்துப் பாருங்கோ. இடுப்பு மெலிந்திருந்தால் எறியுங்கோ. தலையில் 8.8, 10.9 போல ஓர் இலக்கம் அடித்திருக்கும், அதே இலக்கத்தில்தான் மாற்றலாம். கடையில் பளபளவென்று கிடக்கிறது என்பதற்காக இலக்கமில்லாத ஆணியை வாங்கி வராதையுங்கோ. குழலின் விளிம்பு துருவில் தின்னப்பட்டிருந்தால் மவுண்டையே மாற்றவேணும். வாகனக்காரன் முகம் சுளிப்பான். ஆணியையும் குழலையும் அவன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கோ.

5. சுற்றை எண்ணுங்கோ. இதை ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை. பிறக்கற் 6 மில்லிமீற்றர் தடிப்பென்றால், நட்டுக்குள் போகிற புரியில் அந்த 6 மில்லிமீற்றர் குறைந்துவிடும். 12 மில்லிமீற்றர் ஆணி, புரி இடைவெளி 1.25 என்று வைத்துக்கொள்ளுங்கோ. ஏறக்குறைய ஐந்து சுற்றுப் போச்சு. ஆணியின் தடிப்பளவு நீளமாவது நட்டுக்குள் இருக்கவேணும் என்பது பழைய கணக்கு. இந்த ஆணிக்கு அது பத்துச் சுற்று. பழைய ஆணியைக் கையால் பூட்டிப் பாருங்கோ. ஆறு, ஏழு சுற்றில் நின்றால் ஸ்ரெப் பார் கிட்டோடு வந்த நீள ஆணியைப் போடுங்கோ. பிறக்கற் எந்த வாசருக்கு மேலே, எதற்குக் கீழே என்பதைக் கிட்டின் படத்தில் பார்த்துவிட்டுத்தான் போடவேணும்.

6. இறுக்குவதற்கு எயார் கண் வேண்டாம். முதலில் சாதாரண ரச்சற். கை மெதுவாகப் போகும், இறப்பர் விட்டுக்கொடுக்கும். பிறகு ஓர் இடத்தில் இரும்பில் இரும்பு முட்டினது போலக் கை நிற்கும். குழல் இருந்துவிட்டது. அந்த இடம் வராமல் இறப்பர் பிதுங்கிக்கொண்டே போனால் நாலாவதுக்குத் திரும்பிப் போங்கோ.

அதன் பிறகு ரோர்க் ரெஞ்ச். அளவை வாகனத்தின் புத்தகத்தில் எடுங்கோ, பக்கத்துக் கராஜ்காரனிடம் கேட்காதையுங்கோ. யப்பான்காரனின் பழைய புத்தகத்தில் 700 கிலோ சென்ரிமீற்றர் என்று இருக்கும். அது நியூட்டன் மீற்றரில் 69 அளவில் வரும். ரெஞ்சின் ஒரு பக்கம் நியூட்டன் மீற்றர், மறுபக்கம் அடி இறாத்தல். 70ஐ அடி இறாத்தல் பக்கத்தில் வைத்தீர்கள் என்றால் 95 நியூட்டன் மீற்றர் கொடுத்தீர்கள். கிளிக் கேட்டதும் கையை எடுங்கோ. "இன்னும் ஒண்டு" என்று இழுக்கிற பழக்கம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் இருக்கிறது. தேங்காய் எண்ணுகையில் சரி. வேலை முடிய ரெஞ்சை ஆகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கோ.

7. இறுக்குமுன் புரியில் எண்ணெய் மிச்சம் வையாதையுங்கோ. நாங்கள் கொடுக்கிற முறுக்கில் பத்தில் ஒரு பங்கு மட்டுந்தான் ஆணியை இழுத்துப் பிடிக்கும், மிச்சம் உராய்வுக்குப் போகும். கிறீஸ் பூசினால் உராய்வு குறையும். அதே கிளிக்குக்கு ஆணி அளவுக்கு மிஞ்சி இழுபடும். கழற்ற விட்ட எண்ணெயைத் துடைத்து, காயவிட்டு, நீல லொக்ரைற் ஒரு சொட்டு. துருவுக்குப் பூசுகிறதை இறுக்கின பிறகு வெளியே பூசுங்கோ.

8. பாரைப் பிறக்கற்றில் பிடிக்கிற ஆணிகளைக் கடைசிவரை தளர விடுங்கோ. தூர நின்று, கதவுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறுக்கலாம்.

9. 500 கிலோமீற்றர் ஓடின பிறகு வாகனத்தைத் திரும்பக் கூப்பிடுங்கோ. புதுப் பிறக்கற்றின் பெயின்ற் நசிந்து இறுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கும். அநேகமாக வரமாட்டார்கள். மயிலிட்டி மீன்காரர் ஒருவர் மூன்று தரம் சொல்லியும் வரவில்லை. நான் மீன் வாங்கப் போன நாளில் ரோர்க் ரெஞ்சைச் சீலையில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனேன். அவர் விளைமீன் நிறுத்துக்கொண்டிருக்க, நான் வாகனத்துக்குக் கீழே. ஆறு ஆணியில் நாலு அசையாமல் கிளிக் சொல்லின. மற்ற இரண்டும் கால் சுற்று ஓடின. இரண்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, புதுச் சொட்டு விட்டு இறுக்கி முடிக்க, முதுகு முழுக்க மீன் தண்ணி.