ஸ்கேனர் வேலை செய்யவில்லையா? வேறொன்று வாங்குமுன் பார்க்க வேண்டியவை

2025 கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருக்கையில் நமது மண்டியில் ஸ்கேனர் நின்றுபோயிற்று. லாரியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டே இருக்கும் நேரம். அதே வாரம்தான் வரி அலுவலகக் கடிதத்துக்குப் பதில் எழுத, பழைய கொள்முதல் பில்களின் நகலை ஆடிட்டர் கேட்டிருந்தார்.

பில்லை ஸ்கேன் செய்து வைப்பது வீண்வேலை என்று கூறும் அன்பர்கள் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டப்படி, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கும் பில்லும் நம்மிடம் இருக்க வேண்டும். இப்போது வரும் தெர்மல் பில்லிலோ மை கிடையாது; சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான். கல்லாவுக்கு மேல் கம்பியில் குத்தி வைத்து ஒரு சித்திரை வெயில் தாண்டினால் எழுத்து மங்கிவிடும். வெறும் தாளைக் காட்டி வரிக்கழிவு கேட்க முடியுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நமது கணினி பழையது. விண்டோஸ் 11 ஏற்காது. எனவே தம்பி மகன் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். செலவில்லை. லினக்ஸ் என்றதும் அஞ்ச வேண்டாம். 2011 முதல் தமிழக அரசு மாணவருக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில், சி-டாக் உருவாக்கிய 'போஸ்' லினக்ஸ் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. நம்மில் பலர் வீட்டில் அது பரண்மேல் இருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடைகளில் பார்கோடு படிக்கும் துப்பாக்கியையும் ஸ்கேனர் என்றே சொல்கிறோம். அதைக் கணினி ஒரு கீபோர்டாகவே நினைத்துக்கொள்ளும். எனவே லினக்ஸில் செருகியதும் ஓடும். தாளை நகலெடுக்கும் ஸ்கேனர் அப்படியல்ல. அதனோடு பேச ஒரு தரகர் வேண்டும். லினக்ஸில் அந்தத் தரகரின் பெயர் 'ஸேன்'.

நமது மண்டியில் நடந்தது விசித்திரம். கணினியைப் போட்டதும் முதல் பில் ஒழுங்காக வரும். இரண்டாவது பில்லுக்கு, கருவியைக் காணோம் என்று செய்தி. வயரைப் பிடுங்கிச் செருகினால் மறுபடி ஒரே ஒரு பில். கணக்குப்பிள்ளை நொந்து போனார். "ஸ்கேனர் செத்துவிட்டது, லினக்ஸுக்கு ஆகாது, வேறு வாங்குங்கள்" என்றார் பார்க்க வந்த மெக்கானிக். நாமும் பணம் எடுத்து வைத்துவிட்டோம்.

தம்பி மகன் போனிலேயே சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலில் டெர்மினல் என்ற கட்டளைத் திரையைத் திறந்து, எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டினோம். செருகியுள்ள யு.எஸ்.பி. கருவிகளெல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதன் முன்பாதி கம்பெனியைக் குறிக்கும். கேனன் என்றால் 04ஏ9, எப்சன் 04பி8, எச்.பி. 03எஃப்0. அந்த வரியே இல்லையென்றால் வயரோ, போர்ட்டோ, மின்சாரமோதான் கோளாறு. லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. நமக்கு வரி இருந்தது.

அடுத்து 'ஸ்கேன்இமேஜ்' என்று சேர்த்துத் தட்டி, ஓர் இடம் விட்டு, சிறுகோடும் பெரிய எல் எழுத்தும் போட்டோம். இந்தக் கட்டளை இல்லையென்றால் 'ஸேன்-யூட்டில்ஸ்' தொகுப்பை நிறுவிக்கொள்ளவும். முந்தைய பட்டியலில் இருக்கும் கருவி இதில் வராவிட்டால் தரகருக்கு அதைத் தெரியவில்லை என்று பொருள். அல்லது அனுமதி இல்லை. கட்டளைக்கு முன் 'சூடோ' சேர்த்தால் வருகிறது, சேர்க்காவிட்டால் வரவில்லை என்றால் அனுமதிக் குறைதான். அந்தப் பயனர் பெயரை 'ஸ்கேனர்' என்ற குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால் பெரும்பாலும் சரியாகும். எச்.பி. கருவிகள் சிலவற்றுக்கு அந்தக் கம்பெனியின் தனிப் பிளக்இன் இறக்க வேண்டும். வேறு சிலவற்றுக்கு ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும்.

நமது ஸ்கேனர் இதிலும் வந்தது! பிறகு ஏன் ஒரு பில்லோடு நின்றது? "எந்த நிறப் போர்ட்டில் செருகியிருக்கிறது, பெரியப்பா?" என்று கேட்டான். முன்பக்கம், நீலம். வேகமான யு.எஸ்.பி. 3 போர்ட் பெரும்பாலும் நீலமாக இருக்கும். பழைய ஸ்கேனர்கள் சில, லினக்ஸில் அந்தப் போர்ட்டோடு ஒத்துப்போகாமல் முதல் நகலோடு மூர்ச்சையாகிவிடுமாம். பின்பக்கம் இருந்த கறுப்பு யு.எஸ்.பி. 2 போர்ட்டுக்கு மாற்றினோம். நாற்பது பில் தொடர்ந்து ஓடியது. கறுப்புப் போர்ட் இல்லாத கணினியென்றால், பழைய யு.எஸ்.பி. 2 ஹப் ஒன்றை இடையில் வைத்துப் பார்க்கலாம். மலிவான பொருள்தான்.

இனி வாங்குவோர், கடையில் "லினக்ஸில் ஓடுமா?" என்று மட்டும் கேட்க வேண்டாம், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பெட்டியிலுள்ள மாடல் எண்ணைக் குறித்து வந்து, ஸேன் வெளியிடும் கருவிப் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கவும். ஒரே எழுத்து மாறினாலும் உள்ளே வேறு கருவியாக இருக்கும்.

பில் நகல்கள் மறுநாளே ஆடிட்டரிடம் போய்ச் சேர்ந்தன. நீலப் போர்ட்டின் மேல் கணக்குப்பிள்ளை ஒரு துண்டுத் தாள் ஒட்டி வைத்திருக்கிறார்: "ஸ்கேனருக்கு அல்ல."