பந்தித் தலைவனின் நாவு

கானாவூர்க் கலியாணச் சுவிசேஷத்தில் பந்தித் தலைவன் செய்யும் ஒரு காரியத்தை நாம் கவனியாமல் தாண்டிவிடுகிறோம். இரசம் எங்கிருந்து வந்ததென்று அறியாமலே அவன் ருசிபார்த்து, நல்லதென்று தீர்ப்புச் சொல்லுகிறான் (அரு. 2:9-10). பணியாளருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவனுடைய சாட்சிக்கு மதிப்பு வந்தது அதனாலேதான். இன்றும் இரசத்தை மதிப்பிடுவோர் குப்பியைத் துணியால் மூடி, பேரும் விலையும் அறியாமல் ருசிபார்ப்பதுண்டு. அப்படியானால் நாவு எதைக் கண்டு நல்லதென்கிறது?

கானாவூர் இரசம் எவ்வகையென்று சுவிசேஷம் கூறவில்லை. ஆகையால் நெடுங்காலம் நிலைக்கும் வேறொரு சிவப்பு இரசத்தைப் பாடமாக எடுப்போம். பிரான்சு தேசத்தில், லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் நதியின் கிழக்குக் கரையில் எர்மிதாஜ் என்னும் குன்று உண்டு. தவசியின் உறைவிடம் என்பது அப்பேரின் பொருள். 1224-ல் யுத்தத்திலிருந்து திரும்பிய காஸ்பார் தெ ஸ்டெரிம்பெர்க் என்ற வீரர் அங்கே தவம் செய்தார் என்பது வழிவழிச் செய்தி. அர்ச். கிறிஸ்தோப்பர் பேரால் ஒரு சிறு கோவில் அங்கே நிற்கிறது. அக்குன்றின் சிவப்பு இரசம் சீரா என்னும் கருந்திராட்சையால் ஆவது. பாரசீகத்து ஷிராஸ் பட்டணத்திலிருந்து வந்த கொடியென்று வெகுகாலம் கதை சொன்னார்கள். 1990-களின் இறுதியில் மரபணுப் பரிசோதனை அக்கதையை முடித்துவிட்டது. தாயும் தந்தையும் தென்கிழக்குப் பிரான்சின் கொடிகளே.

முதலில் கண். வெள்ளைத் துணிக்கு எதிரே கிண்ணத்தைச் சாய்த்தால், இளம் சீரா நாவற்பழச் சாறுபோல் கறுத்து ஓரத்தில் ஊதா காட்டும். வயது ஏற ஏற ஓரம் செங்கல் நிறமாகும். அடுத்தது மூக்கு. கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்தால் மிளகு வாசனை எழும். இது கற்பனையன்று. மிளகிலுள்ள ரோட்டண்டோன் என்னும் அதே பொருள் சீராவிலும் உண்டென்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 2008-ல் வெளியிட்டார்கள். நம் வீட்டு ரசத்துக்கும் அந்தத் தேசத்து இரசத்துக்கும் இப்படி ஓர் உறவு!

பிறகே வாய். இளம் எர்மிதாஜ் கடுக்காய் கடித்தாற்போல் வாயைப் பிடிக்கும். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் நம் உமிழ்நீரோடு கூடுவதால் வரும் துவர்ப்பு அது. அறியாதவன் முகஞ்சுளித்துத் தள்ளுவான். ஆனால் இரசத்தைக் காக்கும் காவல்களில் அது ஒன்று. வருஷங்கள் செல்ல, டானினும் நிறப்பொருளும் தம்முள் கூடி, ஒரு பகுதி வண்டலாய்ப் படியும், துவர்ப்பு தணியும், பழவாசனை பதனிட்ட தோல், உலர்ந்த இலை வாசனையாக மாறும். நல்ல வருஷத்து எர்மிதாஜ் 20, 30 வருஷம் தாங்கும். அச்சிறு கோவிலின் பேரைக் கொண்ட 'லா ஷப்பேல்' இரசத்தில் 1961-ம் வருஷத்தது இதற்குப் பேர்போனது. என்றாலும் எல்லாத் துவர்ப்பும் நல்லதன்று. பழச்சுவையும் புளிப்பும் இளமையிலேயே கூட இல்லாவிட்டால், எத்தனை வருஷம் வைத்தாலும் அது வறண்டுதான் போகும். மதிப்பிடுவதில் கடினம் இதுவே: இன்று இனிக்கிறதா என்பதல்ல, நாளைக்குத் தேறுமா என்பதே கேள்வி.

மதிப்பிடுகிறவர் வாயிலிட்டதை விழுங்காமல் உமிழ்ந்துவிடுவார். மயங்கிய புத்தி தீர்ப்புச் சொல்லாது. குடிப்பழக்கத்துக்குச் சாக்குத் தேடுவோர் இந்தப் பாடத்தைத் துணைக்கு அழைக்கவேண்டாம்.

பூசை இரசத்தையும் இப்படித்தான் தேர்வதா என்று கேட்பீர்கள். இல்லை. திருச்சபைச் சட்டம் (924) கேட்பது, திராட்சைக் கனியின் இயற்கையான, கெட்டுப்போகாத இரசம் என்பதே. சிவப்பானாலும் வெள்ளையானாலும் சரி. காடியாய் மாறினது செல்லாது. குப்பியைத் திறந்ததும் உபதேசியார் முகர்ந்து பார்க்கிறாரே, அது இதற்காகத்தான். காடி வாசனை மூக்குக்கு முதலில் எட்டிவிடும்.