வழியோரத்திலிருந்து வேலைக்கு

வேதபகுதி: மாற்கு 10:46-52, லேவியராகமம் 19:14



குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் போய்வருகிற நாம், பெட்டிக்குப் பெட்டி ஏறி இறங்கி பேனாவும் சீப்பும் விற்கிற பார்வையற்ற சகோதரர்களைப் பார்த்திருக்கிறோம். சில வேளைகளில் காசை மட்டும் அவர்கள் கையில் வைத்துவிட்டு, பொருளை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். தர்மம் செய்தோம் என்ற திருப்தி நமக்கு உண்டாகிறது. வியாபாரம் செய்ய வந்தவரையோ பிச்சைக்காரராக்கி அனுப்பிவிட்டோம்.

எரிகோவின் வழியோரத்தில் உட்கார்ந்திருந்த பர்திமேயுவை அவ்வூரார் இப்படியே அறிந்திருந்தார்கள். அவன் கூப்பிட்டபோது பேசாதிருக்கும்படி அதட்டினார்கள். ஆண்டவரோ நின்றார், அவனை அழைத்தார். அவன் குறை எல்லாருக்கும் தெரிந்திருந்தும், அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனையே கேட்டார். பார்வையடைந்தவன் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அவருக்குப் பின்னே வழிநடந்தான். இப்பகுதியிலிருந்து மூன்று காரியங்களைச் சிந்திப்போம்.

1. பார்வை திரும்பாமலும் வழி திறக்கலாம்

சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபைன் பிறவியிலேயே பார்வையற்றவர். லிட்டில் பிளவர் பார்வையற்றோர் பள்ளியிலும், பின்பு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் படித்தார். பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியானார். 2013ஆம் ஆண்டு சிவில் சர்வீசஸ் தேர்வில் 343ஆம் இடம் பெற்றார். 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த, முழுமையாகப் பார்வையற்ற முதல் அதிகாரி அவரே. அவருடைய தாயார் செய்தித்தாள்களையும் புத்தகங்களையும் வாசித்துக் காட்டினார். கணினித் திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளும் துணை நின்றது. அவர் கண்களில் மாற்றமில்லை. வழியில் கிடந்த கற்கள் அகற்றப்பட்டன.

2. இடறலை வைப்பவர்கள் நாமே

பார்வையற்றவர் நடக்கும் வழியில் இடறலை வைக்கலாகாது என்று லேவியராகமம் கட்டளையிடுகிறது. "இவரால் முடியாது" என்று விசாரிக்காமலே தீர்ப்பதும் ஓர் இடறலே. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 சதவீதத்தை அவர்களுக்கு ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைந்த பார்வையுடையோருக்கும் உரியது. பார்வையற்றவர் என்ற காரணத்தால் ஒருவரை நீதிபதி பதவிக்குத் தகுதியற்றவராகத் தள்ளக்கூடாது என்று 2025 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

3. அறியாமையும் ஓர் இடறல்

இதை வெட்கத்தோடு எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கண் அழுத்த நோயால் பார்வையை இழந்த ஒருவரைப் படுக்கையருகே சந்தித்தோம். அரசு அலுவலகத்தில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். உறவினர் கூடி ராஜினாமாக் கடிதம் எழுதி, கையெழுத்திட வேண்டிய இடத்தில் அவர் விரலை எடுத்து வைத்தார்கள். நாங்களும் அருகில் நின்று ஜெபித்தோம். ஒருவரும், நாங்கள் உட்பட, "ஐயா, உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்கவில்லை.

பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை அக்காரணத்தால் வேலையைவிட்டு நீக்கவோ, பதவியில் தாழ்த்தவோ கூடாது என்பது சட்டம். பழைய வேலையைச் செய்ய இயலாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு பணி தரவேண்டும். அப்படிப்பட்ட இடம் இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும்வரை, கூடுதலாக ஒரு பணியிடம் உண்டாக்கி அவரை வைத்திருக்கவேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு இருந்தது. அது எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்தக் கடிதம் அன்று கையெழுத்தாகியிராது. இப்போது பார்வை இழந்தோரைச் சந்திக்கும்போது ஜெபத்தோடு இதையும் சொல்லுகிறோம்: அவசரப்பட்டு எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் உதவுகிறது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆயினும் மருந்தினால் பார்வை திரும்பாதவர்களும் உண்டு. அவர்களுக்கு உங்கள் கண்களையும் நேரத்தையும் கேட்கிறோம். வாலிபர் சங்கத்தார் பார்வையற்ற மாணவருக்குப் பாடம் வாசிக்கலாம். தேர்வில் அவர்கள் சொல்வதை எழுத முன்வரலாம். கடையோ அலுவலகமோ நடத்துகிறவர்கள் ஒருவரை அழைத்துப் பேசிப் பார்க்கலாம். அடுத்த முறை ரயிலில் காசு கொடுக்கும்போது பேனாவையும் வாங்கிக்கொள்ளலாம்.

சிந்திக்க:
அ. நம் சபையில் பார்வையற்றோர் செய்யும் பொறுப்பு ஏதேனும் உண்டா?
ஆ. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எப்போதாவது அவர்களிடமே கேட்டிருக்கிறோமா?

ஜெபம்: வழியோரத்தில் நின்று கேட்ட ஆண்டவரே, அதட்டுகிற கூட்டத்தோடு நாங்கள் நில்லாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.