பொதுச்சுவர் ஓரமாகப் பாத்ரூம் கட்டலாமா?

கேள்வி: ஐயா, ராசிபுரம் டவுனுக்குள் எங்களுக்குத் தாத்தா காலத்து ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன் அப்பாவும் சித்தப்பாவும் பத்திரம் எழுதி, வீட்டை நடுவில் பிரித்துக்கொண்டார்கள். நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. நாங்கள் குளிக்கிற தண்ணீர் அன்று முதல் சித்தப்பா பாகத்துச் சந்து வழியாகத்தான் தெருச் சாக்கடைக்குப் போகிறது. கக்கூஸ் பொடக்காளியில், குழிக் கக்கூஸ். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு ராத்திரியில் அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே நடுச்சுவரை ஒட்டி, வெஸ்டர்ன் கக்கூஸோடு பாத்ரூம் கட்ட நினைக்கிறேன். "சுவரில் கை வைத்தால் கோர்ட்டுக்குப் போவேன், சந்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரக்கூடாது" என்கிறார் சித்தப்பா மகன். சந்து எங்களுக்கும் சொந்தம் என்று நானே முந்திக்கொண்டு வழக்குப் போடலாமா? அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். கோவையில் ஓர் அக்கா இருக்கிறார்.
– வாசகர், ராசிபுரம்

பதில்: உங்கள் அம்மாவுக்கு வீட்டுக்குள் பாத்ரூம் வேண்டும். அதைக் கட்டுவதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் சந்து எங்களுக்கும் சொந்தம் என்று வழக்குப் போடுகிற யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். கையில் இருக்கிற நல்ல உரிமையை அந்த ஒரு வார்த்தை கெடுத்துவிடும்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்து, உங்கள் பாகம், சித்தப்பா பாகம் இரண்டின் சொத்து விவரத்தையும் படியுங்கள். செக்குபந்தியோடு நிறுத்திவிடாதீர்கள். நடைபாதை, ஜலதாரை, மாமூல் பாத்தியம் பற்றிய வரிகள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். சந்து பொது என்று எழுதியிருந்தால் நீங்களும் அதன் கூட்டுச் சொந்தக்காரர். அதை யாரும் அடைக்க முடியாது. சந்து முழுக்கச் சித்தப்பா பாகத்தில் சேர்ந்திருந்தால் அந்த மண் அவர்களுடையது. உங்களுக்கு இருப்பது அதன் வழியே தண்ணீர் விடும் உரிமை. இதைத்தான் வசதியுரிமை, அதாவது ஈஸ்மெண்ட் என்கிறோம்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறார்கள். பச்சாஜ் நஹார் எதிர் நீலிமா மண்டல் வழக்கில் 2008-ல் வந்த தீர்ப்பைச் சொல்கிறேன். வழக்குப் போட்டவர்கள் ஒரு துண்டு நிலம் தங்களுக்குச் சொந்தம் என்றார்கள். அது நிரூபணம் ஆகவில்லை. உயர் நீதிமன்றம், சொந்தம் இல்லாவிட்டாலும் வசதியுரிமை உண்டு என்று நிவாரணம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வசதியுரிமை வேண்டும் என்று வாதுரையில் கேட்கவே இல்லை, கேட்காததை நீதிமன்றம் தர முடியாது என்பது காரணம்.

வசதியுரிமை என்று சரியாகக் கேட்டால் உங்கள் நிலை பலமானது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவில், கூட்டுச் சொத்தைப் பிரிக்கும் நேரத்தையே தனியாக எடுத்துப் பேசுகிறது. பிரிவினை நடந்த நாளில் கண்ணுக்குத் தெரியும்படி தொடர்ந்து இருந்துவந்த வசதி, ஒரு பாகத்தை முன்போலவே அனுபவிக்கத் தேவையாக இருந்தால், பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை அது அந்தப் பாகத்துக்குக் கிடைக்கும். நிலத்துக்கடியில் போகிற வடிகாலாக இருந்தாலும், விவரம் தெரிந்தவர் கவனமாகப் பார்த்தால் கண்டுபிடிக்கக்கூடியது என்றால் அதுவும் கண்ணுக்குத் தெரிகிற வசதிதான் என்று 5-ஆம் பிரிவு விளக்குகிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் பிரிவினைக்குப் பிறகு அந்த வழியில் போக ஆரம்பித்திருந்தாலும், இருபது வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு போயிருந்தால் 15-ஆம் பிரிவு கைகொடுக்கும். ஆகவே, 'ஒரு சொட்டு வரக்கூடாது' என்று சொல்ல உங்கள் சித்தப்பா மகனுக்கு அதிகாரம் இல்லை.

ஆனால் அவர் பேச்சில் பாதி நியாயம் உண்டு. இத்தனை வருஷமாக அந்தச் சந்தில் ஓடியது குளியல் தண்ணீர். கக்கூஸ் கழிவு ஓடவில்லை. வசதியை அனுபவிக்கிறவர் தன் வீட்டை மாற்றியோ பெருக்கியோ அந்த உரிமையைக் கணிசமாகக் கூட்டிக்கொள்ள முடியாது என்று 29-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கக்கூஸ் கழிவையோ செப்டிக் டேங்கின் நிரம்பல் நீரையோ அந்தச் சந்தில் திருப்பினால் நீங்கள் தோற்பீர்கள், தோற்பதுதான் நியாயமும். கழிவுக் குழாயைத் தனியாக எடுத்து, உங்கள் பொடக்காளியிலேயே செப்டிக் டேங்க் கட்டுங்கள். தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் நகராட்சியில் விண்ணப்பித்து, உங்கள் பாகம் வழியாகவே அதில் சேருங்கள். சந்தில் போகிற பழைய வடிகாலைச் சரிசெய்ய வேண்டி வந்தால் உள்ளே போய்த் தோண்ட 24-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. தோண்டிய இடத்தைப் பழையபடி மூடித் தர வேண்டும். செலவு முழுக்க உங்களுடையது.

அடுத்தது சுவர். இங்கிலாந்தில் 1880-ல் வாட்சன் எதிர் கிரே வழக்கில் பொதுச்சுவர் என்றால் என்ன என்று வகைப்படுத்தினார்கள். நம் நீதிமன்றங்களும் அந்த வழியில்தான் பார்க்கின்றன: வேறு சாட்சியம் இல்லாவிட்டால் பொதுச்சுவர் முழுவதும் இருவருக்கும் கூட்டுச் சொத்து. இரண்டு பக்கமும் சாதாரணமாகப் பயன்படுத்தலாம். அடுத்தவருக்குச் சேதம் வரும்படியோ, சுவரின் தன்மை மாறும்படியோ செய்ய ஒருவருக்கும் உரிமை கிடையாது. தாத்தா காலத்துச் சுவர் பெரும்பாலும் மண் சாந்திலோ சுண்ணாம்புக் காரையிலோ கட்டியதாக இருக்கும். அதில் காடி வெட்டிக் குழாய் பதித்தால், கசிகிற ஈரம் முதலில் தெரிவது சித்தப்பா வீட்டுப் பக்கம்தான். அப்புறம் குழாயைப் பிடுங்கு, சுவரைச் சரிசெய் என்று அவர் கேட்கலாம். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், 39-ஆம் பிரிவில் நீதிமன்றம் செயலுறுத்துக் கட்டளை பிறப்பிக்கவும் கூடும்.

அதனால் பொதுச்சுவரைத் தொடவே தொடாதீர்கள். அதிலிருந்து கொஞ்சம் விலகி, நாலரை இஞ்சுத் தடுப்புச் சுவர் ஒன்று எழுப்பி, குழாய், டைல்ஸ், வாட்டர் ப்ரூஃபிங் எல்லாவற்றையும் அதில் வைத்துக்கொள்ளுங்கள். அறை அரை அடி குறுகும், அவ்வளவுதான். ஆரம்பிக்கும் முன் ஓர் இன்ஜினியரைக் கூட்டிவந்து பொதுச்சுவரைக் காட்டுங்கள். ஏற்கெனவே இருக்கிற விரிசல்களைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். முடிந்தால் சித்தப்பா மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். வென்டிலேட்டரை அவர்கள் முற்றத்தைப் பார்த்து வைக்க வேண்டாம், உங்கள் பக்கமாகவே திறக்கட்டும்.

அவர் தடையுத்தரவுக்குப் போவார் என்று தோன்றினால், முந்திக்கொண்டு ராசிபுரம் உரிமையியல் நீதிமன்றத்தில் கேவியட் மனு போடுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவுப்படி, 90 நாட்களுக்கு, உங்களுக்கு அறிவிப்புக் கொடுக்காமல் எந்த இடைக்கால உத்தரவும் போட முடியாது. வேலை பாதியில் நின்று, அம்மா இடிந்த தரையைத் தாண்டி நடக்க வேண்டிய நிலை வராமல் இருக்க இது உதவும். ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் உங்கள் அம்மா பெயரில் மனு கொடுங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்தில் பேசி முடித்தால் அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. குளியல் தண்ணீர் மட்டும் சந்தில், கழிவு உங்கள் பக்கம், பொதுச்சுவரில் கை வைப்பதில்லை என்று மூன்று வரியில் எழுதிக்கொள்ளலாம். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் பங்காளிகள் இதை ஒத்துக்கொள்வார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். சித்தப்பா இருந்தால் நேராக அவரிடமே போய்ப் பேசுங்கள்.

உங்கள் அக்காவை மறந்துவிடாதீர்கள். அப்பா உயில் எழுதாததால் அந்தப் பாகத்தில் அவருக்கும் அம்மாவுக்கும் பங்கு உண்டு. சொத்து பூர்வீகமானது என்றாலும் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் போடுகிற பணத்தைப் பின்னால் எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதோடு சேர்த்து, அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே புது அறை எழுப்பினால் நகராட்சி அனுமதி வேண்டும், அதற்கும் அந்தக் கடிதம் பயன்படும்.

பழைய குழி விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூடுவதற்கு முன்போ, பிறகு செப்டிக் டேங்க் நிரம்பும்போதோ, எவ்வளவு கூலி கேட்டாலும் சரி, 'பழக்கப்பட்ட ஆள்' என்று யார் சொன்னாலும் சரி, ஒரு மனிதரை அதற்குள் இறக்காதீர்கள். விஷவாயு மூச்சு விட நேரம் தராது. 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் நிர்ணயித்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. நகராட்சி உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள்.

கொத்தனாரிடம் கூலி, பொருள், வாட்டர் ப்ரூஃபிங் உத்தரவாதம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். பணத்தை வங்கி மூலம் கொடுங்கள். கசிவு வந்தால் இரண்டு வருஷத்துக்குள் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது.